சாந்த்ராகாச்சியில் நின்ற பாட்டு

ரயில்வேயில் கால அட்டவணைப் பிரிவில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவனுக்கு வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி போகாது. எட்டு மணிக்குச் சாப்பாடு என்றால் எட்டு மணிதான். கொல்கத்தாவில், பெஹாலாவில், ஒரு வீட்டின் மாடிப் பகுதியில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். நான், பாங்கில் வேலை பார்த்த என் மனைவி, எங்கள் ஒரே மகள். கீழே ஒரு வங்காளக் குடும்பம். அந்த வீட்டுக்காரரை மகள் காக்கு என்று கூப்பிடுவாள், சித்தப்பா முறை. அவரிடமும் என்னிடமும் ஒரே கம்பெனி ஸ்கூட்டர்.

தெற்கிலிருந்து ஹௌராவுக்கு வரும் வண்டிகள் பல சமயம் அதற்குச் சற்று முன்னால் சாந்த்ராகாச்சி ஸ்டேஷனுக்கு வெளியே சிக்னலுக்காக நிற்கும். யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. யார்டு பெரிது, வண்டிகளும் அதிகம். அட்டவணை போட்ட நானே சொல்கிறேன். ஊரிலிருந்து ஒன்றரை நாள் பயணம் செய்து வந்து, இன்னும் பத்து நிமிஷம்தான் என்று பெட்டிகளைக் கதவருகே இழுத்து வைத்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். அதனால் எங்கள் வீட்டில் நடுவில் நின்றுபோகிற எதற்கும் சாந்த்ராகாச்சி என்றே பேர். குழாயில் தண்ணீர் நின்றாலும் சாந்த்ராகாச்சி, டிவியில் படம் நின்றாலும் சாந்த்ராகாச்சி.

தொண்ணூறுகளின் கடைசியில், மகளுக்குப் பதின்மூன்று வயதில், பக்கத்துத் தெரு டீச்சரிடம் பியானோ கற்றுக்கொள்ளப் போனாள். பியானோ வாங்க வசதியில்லை, வாங்கினாலும் வைக்க இடமில்லை. அதற்குப் பதில் ஒரு மிடி கீபோர்ட் வாங்கினேன். அதற்குச் சொந்தக் குரல் கிடையாது. கம்ப்யூட்டரோடு வயரில் இணைத்தால்தான் சத்தம் வரும். கம்ப்யூட்டரில் இசைக்குறிப்பு எழுதும் சாஃப்ட்வேர் ஒன்றைப் போட்டிருந்தோம். டிக் டிக் என்று அது தாளம் தட்ட, அவள் வாசிக்க வாசிக்க, திரையில் தாளக் கட்டங்களாகப் பிரித்த ஐந்து கோடுகளின் மேல் சுரங்கள் வந்து உட்காரும். ஒரு நொடி தயங்கினால் அந்தத் தயக்கத்தையும் விடாது. அந்த இடத்தில் ஓய்வுக்குறி ஒன்றைப் போட்டுவிடும்.

எனக்கு அந்த சாஃப்ட்வேரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஆபீஸிலிருந்து ஆறு மணிக்கு வந்ததும் மௌஸைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்காருவேன். வாசித்து முடித்ததும் திரையில் விரலை வைத்து, "இங்க பாரு, சாந்த்ராகாச்சி" என்பேன். மறுபடி வாசிக்கச் சொல்வேன். மறுபடியும் அதே இடத்தில் நிற்பாள். "என்ன, இன்னும் சிக்னல் விழலையா?" என்பேன். முதலில் அவளும் சிரித்தாள். எப்போது சிரிப்பதை விட்டாள் என்று நான் கவனிக்கவில்லை. பிளஸ் டூ வந்தபோது, "படிப்பு இருக்குப்பா" என்று கீபோர்டின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டாள்.

பிறகு திருச்சியில் இன்ஜினியரிங் சேர்ந்தாள். அதே வருஷம் என் மனைவிக்குப் பதவி உயர்வு வந்து மதுரைக்கு மாற்றினார்கள். பாங்க் உத்தியோகத்தில் அது வழக்கம்தான். எனக்கு ஓய்வுபெற இன்னும் இரண்டு வருஷம் இருந்ததால் பெஹாலாவிலேயே தங்கிவிட்டேன். குக்கரில் ஒரு டம்ளர் அரிசி வைத்தால் இரண்டு வேளைக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் பூத்திலிருந்து போன் செய்வாள். "சாப்டியாப்பா? அங்க வெயிலா? சரி, வைக்கிறேன்." இரண்டு நிமிஷம் தாண்டாது. அம்மாவோடு அரை மணி நேரம் பேசுகிறாள் என்று மனைவி சொல்லித் தெரிந்துகொண்டேன். அந்த அரை மணியில் கால் மணியாவது எனக்கு வேண்டும் என்று இருந்தது. வாய்விட்டுக் கேட்டு வாங்குகிற பொருளா அது?

ஏப்ரலில் ஒரு விடுமுறை நாள் மத்தியானம், வேறு வேலை இல்லாமல் கம்ப்யூட்டரில் அவளுடைய பழைய ஃபைல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றின் தேதி இடித்தது. வாசிப்பதையே விட்டுவிட்டதாகச் சொன்னதற்கு ஆறு மாதம் கழித்து, ஒரு சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குப் பதிவு செய்தது. அப்படியானால் நான் வீட்டில் இல்லாத நேரத்தில் துண்டை எடுத்துவிட்டு வாசித்திருக்கிறாள். சந்தோஷமாகவும் இருந்தது, சுருக்கென்றும் இருந்தது.

ஓடவிட்டேன். யாருடைய பாட்டும் இல்லை, அவளே போட்டது. மெதுவான, அழகான சின்னப் பாட்டு. பதினாறு கட்டம் நன்றாகப் போயிற்று. பதினேழாவதில் நின்றது. திரையில் ஓய்வுக்குறிகள் வரிசை கட்டி நின்றன. அதற்குப் பிறகு வந்த பாதியில் சுரங்கள் தாளத்தை விட்டு விலகி, துண்டுதுண்டாக ஒட்டுப்போட்டுக் கிடந்தன. எனக்குக் கை சும்மா இருக்குமா? வெற்றுக் கட்டங்களை அழித்தேன். மிச்சத்தைத் தேர்ந்தெடுத்து, தாளத்துக்குச் சீராக்கும் கட்டளையைக் கொடுத்தேன். எல்லாச் சுரங்களும் ஒரு நொடியில் நேர்வரிசைக்கு வந்தன. உடனே சேவ் செய்தேன். யோசித்துச் செய்ததல்ல. எந்த நிமிஷமும் கரண்ட் போகிற ஊரில் ஒரு வரி எழுதினால் ஒரு சேவ் என்று விரல் பழகியிருந்தது. மகளுக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

அப்போது வெளியே இருட்டிக்கொண்டு கால்பைசாகி வந்தது, சித்திரை மாதத்தில் இங்கே அடிக்கிற புயல்மழை. ஜன்னல்களைச் சாத்தி முடிப்பதற்குள் கரண்ட் போய்விட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நல்லவேளை சேவ் செய்தேன் என்று இருட்டில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டேன்.

மறுநாளே அந்த ஃபைலை அவளுக்கு ஈமெயிலில் அனுப்பினேன். உன் பாட்டைச் சரிசெய்துவிட்டேன் என்று ஒரு வரியும் எழுதினேன். இதை வைத்தாவது கொஞ்ச நேரம் பேசுவாள் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"கேட்டேன்ப்பா. எல்லாம் சரியா இருக்கு." பிறகு கேட்டாள். "அந்த சாந்த்ராகாச்சி எங்கப்பா?"

"எடுத்துட்டேன்மா. அதைத்தான் சரி பண்ணினேன்."

"அது தப்பு இல்லப்பா. அன்னிக்கு நடுவுல ஸ்கூட்டர் சத்தம் கேட்டுச்சு. நீதான் வந்துட்டியோன்னு கையை எடுத்துட்டேன். அப்புறம் பார்த்தா நம்ம காக்கு. சரின்னு மிச்சத்தை வாசிச்சேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

"நான் வந்தா என்ன?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல. மூடி வெச்சிருப்பேன்."

அவளே கேட்டாள். "பழசு இருக்குல்ல? அதை அனுப்பேன். எனக்கு அதுதான் வேணும்."

"இல்லம்மா. அதுமேலயே சேவ் பண்ணிட்டேன்."

"பரவாயில்லப்பா" என்றாள். சின்ன வயதில் நான் மறுபடி வாசிக்கச் சொல்லும்போதெல்லாம் சொல்வாளே, அதே பரவாயில்லை. போனை வைத்த பிறகு எனக்கு வெட்கமாக இருந்தது. வீட்டில் யாருமில்லாததால் யாரிடமும் முகத்தை மறைக்க வேண்டியிருக்கவில்லை. அவ்வளவுதான் சௌகரியம்.

போன சுரங்கள் போனவைதான். அந்த நிறுத்தத்தையாவது திரும்ப வைத்துவிடலாம் என்று தோன்றியது. ஆனால் எத்தனை கட்டம் அழித்தேன்? பார்க்கவே இல்லை. முப்பது வருஷம் அரை நிமிஷத்துக்கெல்லாம் கணக்கு வைத்தவன், அந்த ஒரு நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளாமல் விட்டிருக்கிறேன்.

மறுநாள் ஆபீஸிலிருந்து சீக்கிரம் கிளம்பி ஐந்தரைக்கே வந்து கீபோர்டின் முன்னால் உட்கார்ந்தேன். காக்குவின் ஸ்கூட்டர் சந்து முனையில் திரும்பும் சத்தம் கேட்டதும் ரெக்கார்ட் பொத்தானை அழுத்தினேன். கட்டைகளைத் தொடவில்லை. டிக் டிக் என்று தாளம் மட்டும் ஓடியது. கேட்டைத் திறந்து அவர் இன்ஜினை அணைத்ததும் நிறுத்தினேன். திரையில் மூன்று வெற்றுக் கட்டங்கள் இருந்தன. அவற்றைப் பதினேழாவது கட்டத்தில் சேர்த்து மகளுக்கு அனுப்பினேன்.

அடுத்த ஞாயிறு நானே கேட்டேன். "கேட்டியாம்மா? இப்ப சரியா இருக்கா?"

பூத்துக்கு வெளியே யாரோ பஸ்ஸுக்குக் கத்துவது கேட்டது.

"இன்னும் கொஞ்சம் நீளம்ப்பா" என்றாள். "ஸ்கூட்டர் நின்னதுக்கு அப்புறமும், படியில யாராவது ஏறி வர்றாங்களான்னு கேட்டுட்டுதான் வாசிச்சேன்."

அன்றைக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் பேசினாள். ஹாஸ்டல் சாப்பாடு, லேப், எல்லாம் சொன்னாள். ஒன்றும் என் மனதில் ஏறவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் மறுபடியும் ரெக்கார்ட் பொத்தானை அழுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். காக்குவின் ஸ்கூட்டர் வந்து நின்றது. கீழ் வீட்டுக் கதவு திறந்து மூடியது. படியில் யாரும் ஏறி வரவில்லை. நன்றாகக் கேட்டுக்கொண்ட பிறகும் பொத்தானை அழுத்தி நிறுத்த மனம் வரவில்லை. திரையில் வெற்றுக் கட்டங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே இருந்தன.