பெடலுக்கு அடியில்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நானே எதையும் லேசில் நம்புகிறவன் இல்லை. மந்தாரக்குப்பத்தில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்த எனக்குச் சந்தேகம்தான் தொழில். பெட்ரோலைச் சந்தேகப்படுவேன், பிளக்கைச் சந்தேகப்படுவேன், வண்டிக்காரரை இரண்டையும்விட அதிகமாகச் சந்தேகப்படுவேன். "செல்வநாதன் பங்குச் சாமியாரையே ஏற இறங்கப் பார்ப்பான்" என்று ஊரில் கேலி செய்வார்கள். 1979 கார்த்திகையில் எனக்கு நடந்ததை, நடந்தபடியே எழுதுகிறேன்.

மருதாசலம் கோயம்புத்தூர் பக்கத்துக்காரர். நிலக்கரிச் சுரங்கத்தில் ஃபோர்மேன். பண்ருட்டிப் புரோக்கர் ஒருவர் மூலம் ஒரு பழைய கார் வாங்கியிருந்தார். சாம்பல் நிறம், பதினெட்டு வருட வண்டி. அவர் மனைவி சுப்புலட்சுமிக்கு ஒன்பதாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை.

"வலி வந்தா உடனே ஆஸ்பத்திரி சேரோணுமுங்க. ஆனா ஆக்சிலேட்டரை மிதிச்சா வண்டி யோசிக்குதுங்க. நேத்து மெயின் ரோட்டைத் தாண்டறப்ப பாதியில நின்னு யோசிக்குது. எதிர்ல லாரி வருது. இதுல எப்படிங்க அவளை ஏத்தறது?"

மிதித்ததும் வேகம் எடுக்காத பிக்கப் கோளாறு எனக்குப் புதிதில்லை. கார்பரேட்டரைக் கழற்றி ஜெட்டை ஊதினேன். பம்ப் வாஷரை மாற்றினேன். பாயிண்ட்டைத் தேய்த்து இடைவெளி வைத்தேன். டேங்க்கில் தண்ணீர் இருக்குமோ என்று, பாட்டிலில் நல்ல பெட்ரோல் ஊற்றி நேராக இன்ஜினுக்குக் கொடுத்தும் பார்த்தேன். சேத்தியாத்தோப்பு ரோட்டில் ஐந்து தடவை ஓட்டினேன். வெண்ணெய் மாதிரிப் போயிற்று.

ஆக்சிலேட்டர் பெடலின் தண்டில் மட்டும் ஒரு வெல்டிங் பற்று இருந்தது. எவனோ அவசரத்தில் வைத்தது. புரோக்கர் வேலை என்று திட்டிக்கொண்டே விட்டுவிட்டேன்.

மறுநாளே மருதாசலம் திரும்பி வந்தார். மறுபடியும் யோசிக்கிறதாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான் என்று நினைத்தேன். அவர் ஓட்டட்டும், பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்போம் என்று ஏறினேன்.

வெள்ளிக்கிழமை. மாலை 6.40. தூறல். நன்றாக இருட்டிவிட்டது.

மெயின் ரோட்டு முனையில் மிதித்தார். இன்ஜின் சத்தம் அமுங்கியது. ஒன்று... இரண்டு... பிறகுதான் வண்டி கிளம்பியது.

அந்த இரண்டு விநாடியில் கீழே ஒரு சத்தம். கிலுங்.

"என்னங்க அது?"

"எதுங்க?"

அவருக்குக் கேட்கவில்லை. நான் அவர் காலைப் பார்த்தேன். சுரங்கத்து பூட்ஸ். ஷிப்ட் விட்டு வருகிறவர்கள் அப்படியேதான் ஓட்டுவார்கள், கழற்றிப் போட யாருக்குப் பொறுமை? நான் ஓட்டியதெல்லாம் வெறுங்காலில். வித்தியாசம் அது ஒன்றுதான்.

"பூட்ஸைக் குடுங்க. நீங்க இங்கியே நில்லுங்க."

அவர் பூட்ஸை மாட்டிக்கொண்டு தனியாக எடுத்தேன். 6.52. ரோட்டில் யாரும் இல்லை. இரண்டாம் கியர் போட்டு மிதித்தேன்.

பெடல் இறங்கவில்லை.

ஸ்பிரிங் எப்படித் தள்ளும் என்று எனக்குத் தெரியும். இது ஸ்பிரிங் இல்லை. கீழேயிருந்து தாங்கிப் பிடித்தது... நடுங்கிக்கொண்டே பிடித்தது.

கிலுங்.

பிறகு விட்டுவிட்டது.

நிறுத்தினேன். டார்ச் அடித்துக் குனிந்தேன்.

பெடலின் அடியில் கிரீசும் நிலக்கரித் தூசியும் கறுப்பாக அப்பியிருந்தன.

அதில் நான்கு விரல் தடம்.

புதுசு.

கீழே, கால்மிதி விரிப்புக்கு அடியில், ஒரு பச்சைக் கண்ணாடி வளையல் துண்டு.

திரும்பி வந்து அதை மருதாசலத்திடம் காட்டினேன். "உங்க வூட்டு அம்மாவோடதா?"

"அவ இந்த வண்டியில இன்னும் ஏறவே இல்லீங்களே."

மாசமான பெண் இருக்கிற வீடு, என்னவென்று சொல்வது? "பூட்ஸோட ஓட்டாதீங்க, அவ்ளோதான் கோளாறு" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். கோழைத்தனம்தான்.

பதினோரு நாள் கழித்து ஷெட்டுக்கு வந்தார். கையில் இனிப்பு. பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். ஆனால் மனிதர் முகம் வெளுத்திருந்தது.

"வலின்னு தகவல் வந்ததும் ஷிப்ட்ல இருந்து வூட்டுக்கு ஓடியாந்து அவளைப் பின் சீட்டுல ஏத்துனனுங்க. பூட்ஸைக் கழட்ட மறந்துட்டேன். ஆஸ்பத்திரித் திருப்பத்துல லாரி குறுக்க வந்துச்சு. காலை எடுக்கறேன், வரலை. பூட்ஸ் விளிம்பு பிரேக்குக்குக் கீழ மாட்டிக்கிச்சு. ஆக்சிலேட்டர் முழுசா அமுங்கிக் கெடக்குது. வண்டி பறக்குது. முடிஞ்சுதுன்னு நெனச்சனுங்க..."

"அப்புறம்?"

"பெடல் தானா மேல வந்துச்சுங்க. என் காலையும் சேத்துத் தூக்கிட்டு."

பின் சீட்டில் இருந்த சுப்புலட்சுமி, முன்னால் யாரோ ஒரு பெண் குனிந்திருந்ததாகச் சொன்னாளாம். வலியில் உளறுகிறாள் என்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் அடக்கிவிட்டாள்.

அடுத்த நாளே பண்ருட்டிக்கு பஸ் ஏறினேன். புரோக்கர் கொளஞ்சியப்பன் முதலில் பிடி கொடுக்கவில்லை. வளையல் துண்டை மேஜைமேல் வைத்தேன். அதை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"மொதல்ல வச்சிருந்தவரும் மைன்ஸ் ஆளுதான். காடாம்புலியூர்கிட்ட புளியமரத்துல வுட்டுட்டாரு. பூட்ஸு மாட்டிகினு கால் வரல. பக்கத்துல குந்தினு இருந்த அவரு சம்சாரம் குனிஞ்சி, கையாலயே பெடலத் தூக்கப் பாத்துக்கிது."

"தூக்கினாங்களா?"

"எங்க? மோதுன மோதல்ல எல்லாம் நசுங்கிப் போச்சி. உசுரு போயும் அது கை பெடலை வுடல. தண்டை அறுத்துத்தான் கையை எடுத்தாங்க. அப்புறம் நாந்தான் வெல்டிங் வச்சி வித்தேன்."

மருதாசலத்திடம் இதை நான் இதுவரை சொல்லவில்லை. அந்த வண்டியை அவர் விற்கவும் இல்லை. அந்தப் பெடலின் அடியைத் துடைக்க மட்டும் யாரையும் விடமாட்டார்.