அஞ்சு மாசத்தில் ரெண்டு பிரசவம்

காப்பீட்டு அலுவலகத்தின் ஏழாம் ஜன்னலுக்கு முதல்முறை வந்தபோது, அவள் யாரோ பிடுங்க வருகிற மாதிரி துணிப்பையை வயிற்றோடு அணைத்திருந்தாள். உள்ளே மூன்றே காகிதங்கள்: புருஷனின் இறப்புச் சான்றிதழ், ஆலைக் கடிதம், அவன் காப்பீட்டு அட்டை. சாய ஆலையில் கொதிகலன் பார்த்தவன்; நீராவிக் குழாய் வெடித்துப் போய்ச் சேர்ந்தான். வேலையில் செத்தவன் மனைவிக்கு மாதாமாதம் ஓய்வூதியம் உண்டு. அதை விட்டால் அவளுக்கு வேறு கதி இல்லை.

குமாஸ்தா பழைய கோப்பைப் புரட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"ஏம்மா, எத்தனை பிள்ளைங்க உங்களுக்கு?"

"ஒரே பையன்தாங்க."

"பையன் பொறந்த அஞ்சாம் மாசம் இன்னொரு பிரசவம் இருக்கே? பொம்பளப் பிள்ளை. அஞ்சு மாசத்துல ஆடுதாம்மா குட்டி போடும்!"

வரிசையில் சிரித்தார்கள்.

"உங்க வீட்டுக்காரருக்கு இன்னொரு குடும்பம் இருந்திருக்கு. அந்தம்மாவும் வரணும். இல்லன்னா கோப்பு நகராது."

அப்படி ஒருத்தி இல்லை. அது இருபது வருஷத்துக்கு முன் நடந்த தங்கையின் பிரசவம். தங்கை புருஷனுக்குக் கூலி வேலை, காப்பீடு கிடையாது. குழந்தை குறுக்கே கிடக்கிறது என்றதும், இவள்தான் புருஷனின் காப்பீட்டு அட்டையை நீட்டினாள். இவள் புருஷனே கொழுந்தியாளைக் காப்பீட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், 'மனைவி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டான். அப்போது அட்டையில் படம் இல்லை. பழைய பக்கத்தை யாரும் புரட்டவுமில்லை.

அன்றே தங்கை வீட்டுக்கு ஓடினாள்.

"அக்கா, வாயைத் தொறந்துடாதே. பிடிச்சு உள்ள வெச்சுடுவாங்க. பொண்ணுக்கு வரன் பேசற நேரம்."

"அப்போ மாமாவை ரெண்டு பொண்டாட்டிக்காரர்னு எழுதிக்கட்டுமாடி?"

"செத்தவருக்கு என்னக்கா மானம்?"

எட்டு நாள் சோறு இறங்கவில்லை. தெருவில் பைக் நின்றால் போலீஸ் என்று விளக்கை அணைத்தாள். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். அவளுக்கோ வீட்டுக்குள்ளேயே பயம். ஆனாலும் தங்கை சொன்ன அந்த ஒரு சொல் முள்ளாய்க் குத்திக்கொண்டே இருந்தது.

ஒன்பதாம் நாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அது என் தங்கச்சி பிரசவங்க. அட்டையைக் குடுத்தது நான். ஜெயில்ல வேணா போடுங்க. அவருக்கு ரெண்டாம் குடும்பம்னு மட்டும் எழுதிடாதீங்க, சாமி."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. குமாஸ்தா பேனாவை மூடி, மறுபடி திறந்தார். "சொன்னதை அப்படியே எழுதிக் குடுங்கம்மா. விசாரணை வரும்."

வந்தது. தங்கையும் உண்மையை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டாள், அக்காளை ஏறிட்டும் பாராமல்.

ஓய்வூதியம் இப்போது மாதம் தவறாமல் வருகிறது. அந்தப் பிரசவச் செலவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். கோப்பில் மனைவி என்று அவள் ஒருத்திதான். தங்கை இவளோடு பேசுவதில்லை. வாசலில் பைக் நின்றால் அவள் இன்னமும் விளக்கை அணைக்கிறாள்.