பஞ்சவர்ணம் ஏரிக்குப் போன பாதை

எங்கள் ஊரில் ஒரு குதிரைகூடக் கிடையாது. ஆனால் மத்தியானம் இரண்டு மணி அடித்தால் தெரு முழுக்கக் குளம்புச் சத்தம்தான். அதற்கு நான்தான் காரணம். செட்டிகுளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஊருக்குக் கேபிள்காரன் நான், மணிவண்ணன். உள்ளூர் சேனலில் மத்தியானப் பொழுதை ஓட்ட எதையாவது போட வேண்டுமே என்று, தமிழில் குரல் கொடுத்த பழைய அமெரிக்கக் குதிரைவீரர் தொடர் ஒன்றைப் போட்டேன். கறுப்பு வெள்ளை. அகலத் தொப்பி, இடுப்பில் துப்பாக்கி, எங்கே பார்த்தாலும் புழுதி. இதை எவன் பார்ப்பான் என்று நினைத்தேன். பார்த்தார்கள் ஐயா, மாமியார் மருமகள் சண்டையை எல்லாம் விட்டுவிட்டுப் பார்த்தார்கள். ஒருநாள் கரண்ட் போனதற்கு வீடு தேடி வந்து என்னைத் திட்டினார்கள். கரண்டுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? சொன்னால் கேட்டால்தானே.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவி என் எதிர்வீட்டுப் பஞ்சவர்ணம் அக்கா. புருஷன் ராசாங்கம் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். வாரம் ஒருமுறை வந்து போவார். அக்காவைப் பெற்றவர்கள் தர்மராஜ் வீட்டு வெங்காயக் காட்டில் களை வெட்டியே காலத்தைத் தள்ளியவர்கள். அக்காவும் அங்கேதான் கிடந்தார். அப்புறம் சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரு கன்று வாங்கி, அதை வளர்த்துப் பசுவாக்கி, இன்றைக்கு மூன்று கறவை மாட்டுக்குச் சொந்தக்காரி. "இனிமே எவன் காட்டுலயும் குனிய மாட்டேன்" என்று தெருவே கேட்கச் சொன்னவர். சொன்னபடிதான் நடந்தும் வந்தார்.

போன ஐப்பசி மழை ஓய்ந்த கையோடு தர்மராஜ் ஏரிப் பாதையை அடைத்தார். அது அவர் காட்டு ஓரமாகப் போகிற வண்டிப்பாதை. ஊர் மாடெல்லாம் காலங்காலமாக அதில்தான் தண்ணிக்குப் போகும். பாதி பாதை என் பட்டாவில் வருகிறது என்று சொல்லி முள்கம்பி இழுத்து, இரும்புக் கதவு போட்டுப் பூட்டிவிட்டார். இனி ஏரிக்குப் போக மெயின்ரோட்டைச் சுற்ற வேண்டும். அந்த ரோட்டில் லாரி பறக்கிற வேகத்தில் மனுஷனே கடக்க முடியாது. ஊர்க்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே சுற்றிப் போனார்கள். அக்காவின் செவலைப் பசு ஒருநாள் லாரிச் சக்கரத்தில் மாட்ட இருந்து மயிரிழையில் தப்பியது. அன்றிலிருந்து அவர் மாட்டை ரோட்டுக்கு ஓட்டுவதில்லை. குழாயில் வருகிற தண்ணி சோற்றுக்கே பத்தாது. மாட்டுக்கு எங்கே போவது? மாடுகள் விலா தெரிய நின்றன. பால் பாதியாகிவிட்டது.

அக்கா தாலுகா ஆபீசில் மனு கொடுத்தார். அளக்க ஆள் வரும், பொறுங்கள் என்றார்கள். "மாட்ட வித்துடு, வம்பு வேணாம்" என்றார் ராசாங்கம். விற்றால் மறுபடி தர்மராஜ் காட்டில்தான் கூலிக்கு நிற்க வேண்டும். அது அக்காவுக்கும் தெரியும், தர்மராஜுக்கும் தெரியும்.

இந்த நேரம் பார்த்துத் தொடரிலும் அதே கதை வந்து தொலைத்தது. நான் வேண்டுமென்று போடவில்லை, சத்தியமாக. ஒரு பெரிய பண்ணைக்காரன் ஓடைக்குக் குறுக்கே முள்வேலி போடுகிறான். சின்னக் குடியானவர்களின் மாடு தாகத்தில் விழுகிறது. தட்டிக்கேட்க ஒற்றை ஆள் தெருவில் இறங்குகிறான். ஊரே ஜன்னலைச் சாத்திக்கொள்கிறது. அக்கா வீட்டில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு வந்ததே கோபம்!

"எறங்கி வாங்கடா கையாலாகாத பயலுவளா! ஒத்த ஆள வுட்டுட்டுக் கதவ சாத்துறீங்களே, வெக்கமால்ல?"

அக்கா எழுந்து டிவியை அணைத்தார். "அவனுவள அப்பறம் திட்டலாம். மாட்டுப் பொங்கலன்னைக்குக் காலையில மாட்டக் கழுவ எல்லாரும் ஏரிக்குப் போவணும்ல? பழைய பாதையில போவோம். யாரு யாரு வரீங்க?"

வருகிறோம் என்றார்கள். செட்-டாப் பாக்ஸைச் சரிபார்க்கப் போயிருந்த நானும் வருகிறேன் என்றேன். வாய்தானே, சொல்லிவிட்டது.

சேதி போகாமல் இருக்குமா? அன்று சாயங்காலமே தர்மராஜ் போன் போட்டார்.

"என்னடா மணி, டிவியில வேலி புடுங்கச் சொல்லிக் குடுக்குறியாமே?"

"அண்ணே, அது அமெரிக்காவுலண்ணே."

"எந்த ஊரா இருந்தா என்னடா? வேலி வேலிதான்."

அதற்குமேல் அவர் யாரையும் மிரட்டவில்லை. பொங்கலுக்கு முன்னால் வீடு வீடாக ஒருமுறை போய்ச் சிரித்துப் பேசிவிட்டு வந்தார், அவ்வளவுதான். உழவுக்கு டிராக்டர் அவருடையது. விதை வெங்காயம் அவரிடம். சிரிப்பே போதாதா?

மாட்டுப் பொங்கல் காலையில் நான் புளியமரத்தை ஒட்டிய கம்பத்தில் ஏறி நின்றேன். நல்ல நாளில் எவனாவது கேபிள் இழுப்பானா? நான் இழுத்தேன். அங்கிருந்து தர்மராஜ் போட்ட கதவு வரை எல்லாமே தெரிந்தது, பேச்சும் கேட்டது. தெருவிலிருந்து மாடுகள் வந்தன. பாதை பிரிகிற இடத்தில் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டு மெயின்ரோட்டுப் பக்கம் திருப்பினார்கள். அக்கா தன் மூன்று மாட்டோடு மரத்தடியில் நின்று கடைசி ஆள் போகிற வரை பார்த்தார். நான் ஒயரை இன்னும் இறுக்கிக் கட்டினேன்.

அவர் அண்ணாந்து என்னைப் பார்த்தார். "ஒயரு அறுந்துடப் போவுது, பாத்துக் கட்டுங்க" என்றார். பிறகு செவலையின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிப் பழைய பாதையில் ஓட்டினார்.

கதவுக்குள் தர்மராஜ் புது வேட்டியில் நின்றார். அவருடைய மயிலைக் காளை கயிறு இல்லாமல் மேய்ந்துகொண்டிருந்தது.

"பஞ்சவர்ணம், நல்ல நாளும் அதுவுமா வம்பு வேணாம். ரோட்டுப் பக்கமா ஓட்டிட்டுப் போ."

"அந்த ரோட்டுல என் மாட்ட சாவக் குடுக்க மாட்டேண்ணே. எம் மாடு தண்ணி குடிச்சது இந்தப் பாதையிலதான்."

"பூட்டிருக்கு, தெரியல?"

"தெரியுது. நிக்கிறேன்."

நின்றார். வெயில் ஏறியது. ஏரிக்காற்றில் தண்ணி வாசம் வந்ததோ என்னவோ, செவலை கழுத்தை நீட்டி அடிவயிற்றிலிருந்து கத்தியது. லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி இன்னும் ரோட்டிலேயே போய்க்கொண்டிருந்த மாடுகள் அப்படியே நின்றன. ஒன்று பதில் கத்தியது. பிறகு இன்னொன்று. கன்றாக இருந்தபோதிலிருந்து ஒன்றாக மேய்ந்தவை அல்லவா? ஒரு கிடாரி கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு வந்த வழியே பாய்ந்தது. அவ்வளவுதான்! ஊர் மாடு மொத்தமும் திரும்பிப் பழைய பாதையில் ஓடி வந்தது. மனுஷனுக்குத்தான் டிராக்டர் வேண்டும், விதை வெங்காயம் வேண்டும். மாட்டுக்கு என்ன வந்தது? பின்னாலேயே புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஊரே ஓடி வந்தது. "புடி! புடி!" என்று கத்தினார்களே தவிர, ஒருவனும் பிடித்தபாடில்லை.

சத்தம் கேட்டு மயிலைக் காளை மிரண்டு உள்ளேயிருந்து வேலியை நோக்கி வந்தது. நெஞ்சு முள்கம்பியில் மோதியது. ரத்தம்.

"ஐயோ என் ராசா!" தர்மராஜ் கதறிவிட்டார். "நில்லுடா! கிழிச்சுரும்டா!" மடியைத் துழாவிச் சாவியை எடுத்தார். காளை கம்பியை விட்டு இந்தப் பக்கம் திரும்பட்டும் என்று பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினார். மாடுகள் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வெள்ளமாகப் போயின.

எல்லாரும் போன பிறகு அக்கா உள்ளே போனார். மாட்டுக்குப் பூச முந்தானையில் முடிந்து வைத்திருந்த மஞ்சளை எடுத்துக் காளையின் காயத்தில் அப்பினார்.

"சீழ் புடிக்காதுண்ணே. ரெண்டு நாளைக்கு மாத்தி மாத்தி வைங்க." கையைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கும் வருவேன்."

தர்மராஜ் பூட்டை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் காளையின் கழுத்தைத் தடவினார்.

மறுநாள் காலை கதவு சாத்தியிருந்தது, பூட்டு இல்லை. அக்கா தள்ளித் திறந்தார், மாட்டை ஓட்டினார், திரும்பும்போது சாத்திவிட்டு வந்தார். பம்பு செட்டுப் பக்கம் நின்ற தர்மராஜ் பார்த்துக்கொண்டிருந்தாராம். நாளைக்கே பூட்டு திரும்ப ஏறுமா, ஏறாதா? யாருக்குத் தெரியும்?

அன்று மத்தியானம் அக்கா வீட்டில் வழக்கம்போலக் கூட்டம். தொடரில் பண்ணைக்காரன் செத்தான், வேலி விழுந்தது. வீரன் குதிரையில் ஏறித் தொப்பியைத் தூக்கிக் காட்டிவிட்டு மலைப்பக்கம் போனான். ஊரே கையாட்டியது. பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். எனக்கும் கண் கலங்கியது, ஏன் பொய் சொல்ல?

அக்கா மட்டும் உதட்டைப் பிதுக்கினார்.

"இவனுக்கென்ன, போயிட்டான். நமக்குச் சாயங்காலத் தண்ணி காட்டணும்."

எழுந்து கொட்டகைக்குப் போய் மாடுகளை அவிழ்த்தார். செவலையின் கயிற்றைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார்.

"கண்ணத் தொடச்சிட்டு வாங்க. முன்னாடி நீங்க போங்க."