ஈரம் அதிகம் என்று சொல்லச் சொன்னார்கள்

மேடம் சாமை மூட்டைக்குள் ஈரம் பார்க்கும் கருவியைச் செருகிவிட்டு, நிமிராமல் அதையே பார்த்துக்கொண்டிருந்த அந்த அரை நிமிடம் எனக்கு இன்னும் முடிந்தபாடில்லை. எங்கள் நிறுவனத்தின் மூத்த கொள்முதல் அதிகாரி அவர். நான் அவருக்குக் கீழே வேலை பார்த்தவன். நெல்லிவாசல்நாடு என்ற மலையூரின் களத்தில், மூட்டைகளைச் சுற்றிப் இருபது முப்பது பேர் நின்றிருந்தார்கள். ஈரம் சரியாகத்தான் இருந்தது. நானும் பார்த்தேன்.

ஜீப் மலை ஏறும்போதே மேலாளரிடமிருந்து அவருக்கு அழைப்பு வந்திருந்தது. வேறோர் இடத்தில் மலிவாகக் கிடைத்துவிட்டதாம். ஈரம் அதிகம் என்று சொல்லித் தட்டிக்கழித்துவிட்டு வரச் சொன்னார். அதற்குப் பிறகு மேடம் கைக்குட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக வந்தார். விதைப்புக்கு முன்பே இந்த ஊருக்கு வந்து, விளைவது முழுவதையும் எடுத்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்தவர் அவர்தான்.

கருவியை உருவினார். "உங்க சாமையில ஒரு குறையும் இல்லீங்க. கம்பெனிதான் வேற எடத்துல வாங்கிட்டாங்க" என்றார்.

யாரும் கத்தவில்லை. முன்னால் நின்ற ஒரு பெண் மட்டும் கேட்டாள்: "நீங்க சொன்னீங்கன்னுதானே ஆலங்காயத்து யாவாரிய திருப்பி அனுப்பிட்டோம். இப்ப இன்னாம்மா பண்றது?"

சிக்னல் கிடைக்கும் ஒரு பாறைமேல் ஏறி நின்று, மதியம் முழுவதும் தனக்குத் தெரிந்த அரவை ஆலைக்காரர்களிடமெல்லாம் பேசினார் மேடம். மறுத்தவர்களிடமே மறுபடியும் பேசினார். கடைசியில் வாணியம்பாடிப் பக்கம் ஒருவர் வாங்கிக்கொள்ளச் சம்மதித்தார். பொழுது சாய்வதற்குள் அவருடைய வண்டி வந்து பாதி மூட்டைகளை ஏற்றியது. மீதி மறுநாள் மலையிறங்கியது.

அந்த மதியத்தில், அதே பாறையில் சற்றுக் கீழே நின்ற எனக்கும் ஓர் அழைப்பு வந்தது. ஊர்க்காரர்களிடம் மேடம் என்ன காரணம் சொன்னார் என்று மேலாளர் கேட்டார். நடந்ததை அப்படியே சொன்னேன். பொய் சொல்லக் கூடாது என்றுதான் சொன்னேன் என்று வெகுநாள் எனக்கு நானே சமாதானம் செய்துகொண்டிருந்தேன்.

அந்த மாதமே அவரைக் கிடங்குக்கு மாற்றினார்கள். சில வாரங்களில் வேலையை விட்டார். மேஜையைக் காலி செய்தபடி, "அன்னிக்கு மலையில உங்களுக்கும் போன் வந்துச்சு இல்ல?" என்று கேட்டார்.

"வூட்லேர்ந்து, மேடம்" என்றேன்.

தலையசைத்தார். ஆலைக்காரர்களின் எண்கள் எழுதிய தாளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் நாற்காலியில் இப்போது நான். இந்த விதைப்புக்கு முன் அந்த ஊருக்குப் போய் நான் வாக்குக் கொடுக்க வேண்டும். இரண்டு முறை ஜீப்பை வரச் சொல்லி, இரண்டு முறையும் வேண்டாமென்று அனுப்பிவிட்டேன்.