வெனீர் வேற, வெந்நீர் வேற

பல் ஆஸ்பத்திரியில வேலை பாத்தாத்தான் தெரியும், நம்ம ஜனங்க பல்லால சோறு மெல்லுறது கொஞ்சம்தான். மத்த நேரமெல்லாம் அது கத்திரிக்கோல், இடுக்கி, பாக்குவெட்டி. நாலு பேருக்கு நின்னு பதில் சொல்லி வயித்தக் கழுவுற அக்கா தங்கச்சிங்களே, உங்களுக்குச் சொன்னா புரியும். செஞ்சி பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒரு பல் டாக்டரம்மாகிட்ட வேலை பாக்கிறேன். கோணலோ கறையோ இருக்கிற முன்பல்லு மேல மெல்லிசா ஒரு ஓடு ஒட்டுவாங்க. அதுக்குப் பேரு வெனீர். ஒட்டினதும் எதைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாதுன்னு சொல்லி அனுப்புறது என் வேலை. எனக்கோ ஆம்பளைங்க முகத்தைப் பாத்தா குரலே எழும்பாது.

தொண்டூர் பெரியவர்

அவருக்கு ரெண்டு பல்லுக்கு ஒட்டுனாங்க. "வெனீரு, பாத்து சாப்பிடுங்க"ன்னு தரையைப் பாத்துச் சொல்லி அனுப்பிட்டேன். அடுத்த வாரமே ஒண்ணு உடைஞ்சு, கையில எடுத்துக்கிட்டு வந்தாரு. காட்டுல மல்லாட்டைச் செடி பிடுங்குறப்போ வேர்க்கடலைக் காயைத் தோலோட கடிச்சு உடைச்சிருக்காரு. நான் கேட்டதுக்கு அவருக்கு வந்துச்சே கோவம்.

"நீதானம்மா வெந்நீரு பாத்து சாப்பிடுன்ன? அன்னிலேருந்து பச்சத்தண்ணிதான் குடிக்கிறேன். மல்லாட்டையப் பத்தி நீ எங்க சொன்ன?"

பேனர் பல்லு

"நீ முணுமுணுக்கிறது உனக்காவது கேக்குதா? இன்னும் ஒருத்தர் உடைச்சுக்கிட்டு வந்தா, நீ வேற வேலை பாத்துக்கோ"ன்னுட்டாங்க டாக்டரம்மா. வேற வேலைன்னா, என் பாப்பாவை வரப்புல போட்டுட்டு வெயில்ல களை எடுக்கிறதுதான். அதனால அடுத்துப் பல்லு ஒட்டிக்க வந்த கட்சிக்காரர்கிட்ட பயத்தை முழுங்கிட்டு எல்லாத்தையும் சொன்னேன். எலும்பு, முறுக்கு, கடலை உருண்டை கடிக்கக்கூடாது. கொய்யான்னாலும் நறுக்கிக் கடைவாயில மெல்லணும். வெத்தலை பாக்கு போட்டா கறை ஏறும். எல்லாத்துக்கும் தலையாட்டுனாரு, வாய் நிறைய வெத்தலையோட.

கொஞ்ச நாள்ல திரும்ப வந்தப்போ பல்லு ஓரமெல்லாம் செக்கச்செவேல்னு ஆயிருந்துச்சு. "இன்னாண்ணா இது?"ன்னேன்.

"பேனர்ல வெள்ளையா விழுந்துடுச்சில்ல, போதும்மா. எலக்சன் முடிஞ்சப்புறம் எவன் என் பல்லப் பாக்கப் போறான்?"

சிங்கவரம் பஸ்ஸு

பொங்கலுக்கு முந்தின நாள். பாப்பாவை இடுப்புல வச்சுக்கிட்டு சிங்கவரம் பஸ்ஸுல நிக்கிறேன். முன் சீட்டுல புது மாப்பிள்ளை ஒருத்தர், பக்கத்துல புதுப் பொண்டாட்டி. கல்யாணத்துக்கு முன்னாடி எங்ககிட்ட நாலு பல்லு ஒட்டிக்கிட்டுப் போனவர்தான். பெருமையாக் கரும்பை எடுத்தாரு. முன்பல்லால தோலை உரிக்க வாயைத் திறந்தாரு. எனக்குக் கரும்பு தெரியல, என் கையில களைக்கொட்டுதான் தெரிஞ்சுது.

"அண்ணா! டாக்டரம்மா ஒட்டுன பல்லுல கடிக்காதீங்க!"

என் குரல்தானான்னு எனக்கே சந்தேகம். கண்டக்டர் விசில் ஊதி பஸ்ஸையே நிறுத்திட்டாரு. மாப்பிள்ளை கரும்பைக் கீழே போட்டுட்டு வாயைப் பொத்திக்கிட்டாரு. அந்தப் பொண்ணு என்னைப் பாத்துச்சு, அவரைப் பாத்துச்சு.

"அப்ப பொண்ணு பாக்க வந்தன்னிக்கு என்னப் பாத்து சிரிச்சீங்களே, அது டாக்டரம்மா பல்லா?"

நாலு பல்லும் தப்பிச்சுது, என் வேலையும் தப்பிச்சுது; மாப்பிள்ளை தப்பிச்சாரான்னு மட்டும் எனக்குத் தெரியாதுங்க.