ஒரே முத்திரை போட்ட சிம்பல்கள்

தொண்ணூறுகளின் கடைசி. மானாம்பதிப் பக்கம் எங்கள் காலனி சர்ச்சில் ஒரு டிரம்ஸ் செட் இருந்தது. அதற்கு இடதும் வலதுமாக இரண்டு சிம்பல்கள், குச்சியால் அடிக்கும் வெண்கலத் தட்டுகள். வலப்பக்கத்தது விரிசல் விட்டபோது கிறிஸ்மஸுக்குப் பத்து நாள்தான் இருந்தது. வாசிப்பவர் என் பெரியப்பா மகன், பள்ளிக்கூடம் போகாதவர். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான், அப்போது பிளஸ் டூ. பஸ் போர்டிலிருந்து மருந்துச் சீட்டு வரை அவருக்கு நான்தான் படித்துச் சொல்வேன். சென்னைக்கும் என்னைத்தான் கூட்டிப்போனார்.

மிச்சமிருந்த சிம்பலில் பொறித்திருந்ததை நான் எழுதிக்கொண்டு போனேன். அதே கம்பெனிப் பேர், அதே அளவு கடையில் கிடைத்தது. அண்ணன் அடித்துப் பார்க்கக் குச்சியைத் தேடினார். கடைக்காரர் முன்னால் எனக்கு வெட்கமாகிவிட்டது.

"வேணாண்ணா. பேரு, நம்பரு எல்லாம் ஒண்ணா கீது."

"நீ சொன்னா சரி நைனா."

சர்ச்சில் மாட்டி அடித்ததும் தெரிந்துபோனது. இடப்பக்கத்துப் பழையது நான்கு எண்ணும்வரை இழுத்து மெல்ல அடங்கும். அந்த இழுப்பு இன்றும் என் காதில் இருக்கிறது. புதியது 'டங்'. அதோடு சரி.

"இன்னாடா, சோறு துன்ற தட்ட வாங்கிக்கினு வந்துகீறீங்க?" என்றான் பாட்டுக் குழுவில் ஒருவன்.

"படிச்சவரு வாங்கினதுடா, சும்மா இரு" என்றான் இன்னொருவன்.

அண்ணன் களத்துமேட்டில் வைக்கோலைக் கொளுத்தி, பறையைக் காய்ச்சுவதுபோல் சிம்பலைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். பறைத்தோல் சூட்டில் இறுகிக் குரல் ஏறும். இது கறுத்ததுதான் மிச்சம்.

புளி போட்டுத் தேய்த்து, மறுபடி சென்னை. இம்முறை பழையதும் பையில் வந்தது. கடைக்காரர் முகர்ந்து பார்த்தார்.

"நெருப்புல காட்டினீங்களா?"

"ஆமா சார். பறைன்னா கேட்டுக்கும்" என்றார் அண்ணன், கொஞ்சமும் கூசாமல்.

கடைக்காரர் சிரித்துவிட்டார். அதே முத்திரை போட்ட நான்கை எடுத்துவைத்தார். "கையால தட்டினது தம்பி. ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. அடிச்சுப் பாத்து மாத்திக்குங்க."

நான் தூக்கிப் பிடித்தேன். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு பழையதில் ஓர் அடி, புதியதில் ஓர் அடி என்று அடித்து இரண்டை ஒதுக்கினார். மீதி இரண்டில் அவருக்கே சந்தேகம்.

"எது நெருக்கமா கீது? சொல்லு."

எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்டன. ஏதாவது ஒன்றைக் காட்டியிருந்தால் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டிருப்பார்.

"எனக்குத் தெரியலண்ணா."

அவரிடம் நான் அப்படிச் சொன்னதே இல்லை. "அப்ப நீ அடி. எது இழுத்துக்கினு வருதுன்னு நான் அந்தாண்ட நின்னு கேக்கறேன்" என்று குச்சியை என் கையில் வைத்துவிட்டு வாசலைத் தாண்டிப் போனார். ரோட்டில் பஸ் இரைச்சலுக்கு நடுவே காதைத் திருப்பி நின்றுகொண்டு, அடி என்று கையைத் தூக்கினார்.