புதன்கிழமைக்குக் கருவாடு

என் அக்கா அப்சானா மௌத்தான பிறகு அவள் வீட்டுக்குக் கேரியரில்தான் சோறு வந்தது. துக்க வீட்டில் மூன்று நாள் அடுப்பு மூட்டவிடாமல் சொந்தக்காரர்கள் சாப்பாடு கொடுத்துவிடுவது எங்கள் ஜனத்தில் வழக்கம். தாயில்லாப் பிள்ளைகள் என்று அதை நாற்பதாம் நாள் பாத்திஹா வரை நீட்டினார்கள். ஒரு நாள் விளாங்குடியிலிருந்து வரும், ஒரு நாள் எங்கள் அம்மா வீட்டிலிருந்து வரும், சில நாள் எந்த வீடு என்றே தெரியாது. எல்லாம் பிரியத்தோடு வந்ததுதான். ஆனால் அக்காவின் இளையவன் ஆசிப், "இது யாரு வீட்டுச் சோறு?" என்று கேட்டுவிட்டுத்தான் வாயில் வைப்பான்.

நாற்பதாம் நாள் ஓதி முடிந்து எல்லோரும் கலைந்ததும், மரியம் பீவி பேச்சை எடுத்தார். விளாங்குடியில் இருக்கிற அவர், அக்காவின் புருஷன் யூனுஸ் மச்சானுடைய அக்கா. சின்ன வயதில் தாயை இழந்த தம்பியை எடுத்து வளர்த்தவர். அவர் சொல்லி மச்சான் எதையும் தட்டியதில்லை.

"எம்புட்டு நாளைக்கு ஊரான் சோத்துல பிள்ளைகள வளப்ப? அடுப்படிக்கு ஒரு பொம்பள வேணும்டா. அப்சானா தங்கச்சியவே நிக்காஹ் பண்ணிக்க. பிள்ளைகளுக்கும் சின்னம்மா, வேத்தாளு இல்ல."

அந்தத் தங்கச்சி நான்தான். பசுமலையில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன், கல்யாணம் ஆகவில்லை. என்னைப் பற்றி அவர்களுக்கு அவ்வளவு தெரிந்தால் போதுமாயிருந்தது. உள்ளே நான் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். அம்மா சரி என்று சொன்னது எனக்குக் கேட்டது.

மச்சான், "அடுப்பு எரியலன்னுதான இந்தப் பேச்சு? நான் எரிச்சுக்கிறேன்க்கா" என்றார்.

"நீயா? வெந்நி வைக்கத் தெரியுமாடா உனக்கு?"

"கத்துக்கிறேன்."

"கத்துக்க. ஒரு மாசம் பாக்குறேன். பிள்ளைகளுக்கு ராத்திரிச் சோறு ஒழுங்கா விழுந்துச்சுன்னா நான் வாயத் தொறக்கல. விழலன்னா நான் சொன்னதுதான்."

மச்சான் பழைய ஊருக்குள் ஒரு சந்தில் தையல் கடை வைத்திருக்கிறார். பள்ளிக்கூடச் சீருடைதான் அவருக்குத் தொழில். சீருடை தைக்கிறவர் ஒவ்வொரு சட்டையாக வெட்டித் தைத்துக்கொண்டிருந்தால் பள்ளி திறக்கிற ஜூன் மாதத்தைத் தாண்ட முடியாது. ஒரு நாள் முழுக்க வெட்டு, மற்ற நாளெல்லாம் தையல். அவருக்குத் தெரிந்த ஒழுங்கு அது ஒன்றுதான். அதையே அடுப்படிக்குக் கொண்டுவந்தார்.

மறுநாள் நான் போனபோது அடுப்படிக் கதவில் துணியில் கோடு போடுகிற சாக்கட்டியால் ஏழு கிழமைகளும் எழுதப்பட்டிருந்தன. ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு ராத்திரிச் சாப்பாடு. திங்கள் பருப்புச்சோறும் முட்டையும், செவ்வாய் தோசை, புதன் ரசமும் கருவாடும், வியாழன் சப்பாத்தி. வெள்ளிக்கிழமை நெய்ச்சோறு, பாயசம். சனிக்கிழமை இடியாப்பம் என்று எழுதி என் பெயரைப் போட்டிருந்தார். ஞாயிறு வெட்டு நாள் என்பதால் அன்றைக்கு மட்டும் கடைப் புரோட்டா.

"தாளிச்சா எங்க மச்சான்?" என்று கேட்டேன். பருப்பும் கறியும் போட்டு அக்கா வைக்கிற தாளிச்சாவுக்கு எங்கள் தெருவே வரும்.

"அது வராது. அவ செஞ்சத நான் செய்யப் போறதில்ல. செஞ்சா பிள்ளைக அத இதோட வச்சுப் பாக்கும். நானும் பாப்பேன்."

முதல் ஞாயிற்றுக்கிழமை வெங்காயம், பூண்டு எல்லாவற்றையும் வாரத்துக்குமாக நறுக்கி டப்பாக்களில் அடைத்தார். அந்த ஜோரில் நாலு தேங்காயையும் மொத்தமாகத் துருவி வெளியிலேயே வைத்துவிட்டார். மதுரை வெயிலில் துணி கெடுமா? கெடாது. தேங்காய் செவ்வாய்க்கிழமையே நாறிப்போனது. சட்னி இல்லாத தோசையைப் பிள்ளைகள் பொடி தொட்டுத் தின்றார்கள். அரிசியும் அப்படித்தான். தையலுக்கென்று கொஞ்சம் துணி விட்டு வெட்டியே பழகிய கை, எந்த நாளும் ஒரு ஆளுக்குக் கூடுதலாகவே அரிசியை அள்ளும். மிஞ்சிய சோறு காலையில் அவர் தட்டுக்குப் போகும்.

மூத்தவள் நாஸியா ஒன்பதாம் வகுப்பு. அவளுக்கு வாய் நீளம்.

"அத்தா, செவ்வாக்கெழமைன்னாலே பயமா இருக்குத்தா. தோசை சுடுறீங்களா, காலருக்குள்ள வைக்கிற வெறைப்புக் கேன்வாஸ் சுடுறீங்களா?"

"தின்னுட்டுச் சொல்லு."

"மாத்தி உப்புமா கிண்டுவோமா?"

"மாத்தணும்னா ஞாயித்துக்கெழம சொல்லணும். இன்னைக்குத் துணி வெட்டியாச்சு."

இப்படித்தான் அந்த வீட்டில் சிரிப்பு திரும்ப வந்தது. அது என் அக்கா இருந்தபோது கேட்ட சிரிப்பு இல்லை. அவள் காலையிலேயே ஒவ்வொருவரையும் என்ன வேண்டும் என்று கேட்டு, ஆளுக்கொன்று செய்து, கடைசியில் ஆறிப்போனதைத் தின்றுவிட்டுப் படுப்பாள். இப்போது யாரும் யாரையும் கேட்பதில்லை. கிழமைதான் சொல்லும். மூன்று தட்டும் ஒன்றாகத்தான் விழும்.

சனிக்கிழமைகளில் எங்கள் வீடு இருக்கிற நாகமலை புதுக்கோட்டையிலிருந்து பஸ் பிடித்துப் போய் நான் இடியாப்பம் பிழிந்தேன். அதில் ஒரு சிக்கல் வந்தது. மரியம் பீவி ஒரு சனிக்கிழமை எட்டிப் பார்த்தார். நான் அடுப்படியில் நிற்கிறதைப் பார்த்து, முகம் மலர்ந்து, அம்மாவுக்குப் போன் போட்டார். "நான் சொல்லல? அவளே வந்து சமைக்கிறா. இனிமே எதுக்குத் தள்ளிப் போடணும்?"

அவர் போனதும் மச்சான் என்னைக் கூப்பிட்டார். முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "உனக்கு இதுல விருப்பமா?"

"இல்ல மச்சான்."

"எனக்கும் இல்ல. அப்பச் சரி."

எழுந்துபோய்க் கதவிலிருந்த என் பெயரைக் கட்டைவிரலால் அழித்தார். "தப்பு என்னுது. இனிமே சனிக்கெழம நீ வா. உக்காந்து சாப்புடு. அடுப்புப் பக்கம் வராத." அன்றைக்கு வரைக்கும் என் விருப்பத்தைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

மாதம் முடிகிற வாரத்தில், சொல்லாமல் கொள்ளாமல், மரியம் பீவி வந்து இறங்கினார். கூட அவருடைய வீட்டுக்காரர் ஷாநவாஸ். வருகிற வழியில் அம்மாவையும் என்னையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டார். எதற்கென்று சொல்லவில்லை. மரியம் பீவி மடியில் ஒரு மிட்டாய்க்கடை டப்பா இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் ஆட்களில் சம்பந்தம் பேச வந்த இடத்தில் இரு பக்கமும் ஒருவர் கையால் ஒருவர் இனிப்பு வாங்கித் தின்றுவிட்டால் பேச்சு முடிந்த மாதிரி. அப்புறம் மறுத்தால் ஜமாத்தில் தலைகாட்ட முடியாது.

கதவைத் திறந்தபோதே கருவாட்டு வாடை தெருவுக்கு வந்தது. அன்றைக்குப் புதன்கிழமை.

மச்சான் எங்களைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார். "வாங்க. உக்காருங்க. சோறு வெந்துருச்சு" என்றார்.

"யூனுஸு, விருந்தாளி வந்துருக்கோம்டா. ஆசிப்ப அனுப்பி ரெண்டு பிரியாணி வாங்கியாரச் சொல்லு."

"புதன்கெழம ரசமும் கருவாடும்க்கா."

"சம்பந்தம் பேச வந்தவுகளுக்குக் கருவாடா போடுவ?"

"சம்பந்தம் பேச வாரோம்னு நீங்க சொல்லலையே."

பாயை விரித்துத் தட்டுகளை வைத்தார். மரியம் பீவி தட்டைத் தொடவில்லை. அம்மாவும் தொடவில்லை. ஷாநவாஸ் அண்ணன் மட்டும் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு வாய் வைத்தார். "மாப்ள, நெத்திலியா? மொறுமொறுன்னு இருக்கு. இன்னும் ரெண்டு வையி."

"உங்களுக்கு வெவஸ்தையே கெடையாதா?" என்றார் மரியம் பீவி.

"பசிக்குது பீவி. நீ பேசு, நான் வேணாங்கல."

மரியம் பீவி டப்பாவைத் திறந்தார். பால்கோவா. ஒரு துண்டை எடுத்து மச்சான் வாயருகே நீட்டினார். சின்ன வயதில் ஊட்டிய கை. மச்சான் அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"புதன்கெழம இனிப்புக் கெடையாதுக்கா. வெள்ளிக்கெழம பாயசம் வச்சிருக்கேன். அன்னைக்கு வாங்க."

"எலே, வெளையாடுறியா?"

"இல்லக்கா. ஒரு மாசம் பாக்குறேன்னீங்க. பாத்தாச்சு. ஒரு ராத்திரிகூட இதுக வெறும் வயித்தோட படுக்கல. அவ அப்சானா தங்கச்சி, என் சமையக்காரி இல்ல. சோத்துக்காக ஒரு நிக்காஹ் வேணாம். எனக்கும் வேணாம், அவளுக்கும் வேணாம்."

"ஒனக்கு நான் கெட்டதா நெனப்பேன்?"

"நெனைக்க மாட்டீங்க. அதான் உங்க கையப் புடிச்சே சொல்றேன்."

மரியம் பீவி கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன். பால்கோவாவை டப்பாவிலேயே போட்டார். எழுந்தார். போகிற போக்கில் டப்பாவை அலமாரியில் வைத்துவிட்டு நடந்தார். அது வீட்டில் தங்கினால் நாளைக்கு இனிப்பை வாங்கிக்கொண்டார்கள் என்று பேச்சாகும். நாஸியா அதை எடுத்துக்கொண்டு, குப்பி என்று அவள் கூப்பிடும் அத்தையின் பின்னால் படியிறங்கி ஓடினாள்.

"குப்பி, டப்பாவ மறந்துட்டீங்க!"

"மறக்கல, வச்சுக்க."

"வெள்ளிக்கெழம கொண்டாங்க குப்பி. இன்னைக்கு அத்தா விடமாட்டாரு." டப்பாவை ஆட்டோவின் சீட்டில் வைத்துவிட்டுத்தான் மேலே வந்தாள். பின்னால் ஷாநவாஸ் அண்ணன் ஈரக் கையோடு இறங்கிப் போனார்.

அம்மா பாயின் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் அவர்கள் தட்டில் சோறு வைத்து ரசம் ஊற்றினார். அம்மா என்னைப் பார்த்தார்கள், பிறகு பிசைய ஆரம்பித்தார்கள்.

மரியம் பீவி அந்த வெள்ளிக்கிழமை வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை. ஆனால் சும்மா இருக்கவும் இல்லை. கூடப் பிறந்த அக்காவுக்குக் கருவாட்டை வைத்து அனுப்பிவிட்டான் என்று விளாங்குடியிலிருந்து கடைத்தெரு வரை சொல்லிவைத்தார். கடைக்குத் துணி கொடுக்க வருகிறவர்கள் கேட்கத் தொடங்கினார்கள். "என்ன யூனுஸு, அக்காவுக்கே கருவாடாமே?"

மச்சான் மெஷினை நிறுத்துவதில்லை. "ஆமாண்ணே. புதன்கெழம வந்தா அதான். ஆளப் பாத்து மாத்துறதில்ல."